கிராணி வீட்டு வைஃபைக்குள் நுழைந்த ஆள்

வைஃபைக் காவலர் என்றோர் இனம் உண்டு. யாரும் அவரை வேலைக்கு வைப்பதில்லை, சம்பளமும் கிடையாது, ஆனாலும் ஒரு நாள் லீவு எடுக்க மாட்டார். உங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் தேட மாட்டார். மோடம் எங்கே என்று தேடுவார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கும் முன்பே கேட்பார்: "பாஸ்வர்ட் என்ன, பிள்ளை பிறந்த தேதியா?" நீங்கள் விழிப்பீர்கள். அவர் சிரிப்பார். பல் டாக்டர் சிரிக்கும் சிரிப்பு அது.

தானா ராத்தா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருக்கும் சிவனேஸ்வரன் இந்த இனத்தின் அசல் வாரிசு. பகலில் கொழுந்து எடை எழுதுவார். மாலையானால், சுற்றுவட்டார வைஃபைகளையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும் ஓர் ஆப்பைத் திறந்து, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, எந்த வீட்டு வைஃபை பூட்டில்லாமல் கிடக்கிறது, எதற்குத் துருப்பிடித்த பழைய பூட்டு என்று வீடு வீடாக நோட்டம் விட்டுக்கொண்டே தோட்டத்து வீட்டு வரிசை முழுவதும் நடப்பார்.

"மகேன், ஒன் வைஃபை வேட்டி இல்லாம நிக்குதுடா!"

லோரி ஓட்டும் மகேன் ஜன்னலிலிருந்தே பதில் சொல்வான்: "நிக்கட்டும்லா, இந்தக் குளிர்ல யாரு வந்து பாக்கப் போறா?"

சிவனேஸ்வரனின் சொந்தப் பாஸ்வர்ட் இருபத்து மூன்று எழுத்து. நடுவே நட்சத்திரமும் உண்டு, கேள்விக்குறியும் உண்டு. புதுப் போன் வாங்கியபோது அவரே நான்கு முறை தப்பாக அடித்தார். அதில் அவருக்குப் பெருமைதான்.

ஊரையெல்லாம் அலசியவர், ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் முதன்முறையாகத் தன் வீட்டு வைஃபையை அலசினார். வீட்டில் ஐந்து சாதனம். பட்டியலில் ஆறு! ஆறாவதற்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண்களும் எழுத்துகளும். மனைவி வாசுகி பத்தடி தூரத்தில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டாரா? துப்பறிகிறவர் தோசை சுடுகிறவரிடம் கேட்பாரா? பிளாக் செய்தார். மறுநாள் ஆபீசில், ஊடுருவியவனை விரட்டிய கதையை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது அவன் வெளிநாட்டுக்காரன் ஆகியிருந்தான்.

ஞாயிறு மாலை, வேலிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் கூடாரத்தில் தக்காளி போடும் வேலம்மா பதறிக்கொண்டு வந்தார்.

"கிராணி தம்பி, நாத்தெல்லாம் தலை சாஞ்சு போச்சுப்பா. நான் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டேன். எம் மக சாந்தினி டவுன்ல இருந்தே போன்ல தட்டி பம்ப்ப ஓட விடுவா. மூணு நாளா தட்டுறா, தண்ணி போகவே இல்லையாம். டியூட்டிய விட்டு அவளாலயும் வர முடியல. ஒங்களுக்குத்தான இதெல்லாம் தெரியும்?"

கேட்கவா வேண்டும்! சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். கூடாரத்துக்குள் நானூறு நாற்றுகள் துவண்டு கிடந்தன. பம்ப் சுவிட்சின் முன்னால் குந்தினார்.

"இது எந்த வைஃபைல ஓடுது அக்கா?"

"ஒங்க வீட்டுதுலதான். ஆறு மாசமாச்சே. வாசுகி பாஸ்வர்ட எழுதியே குடுத்துச்சு."

காது சுட்டது. ஆறு மாதமாக வீட்டு ரசத்தில் மிதந்த தக்காளி எங்கிருந்து வந்தது என்று அவர் ஒருநாளும் அலசியதில்லை.

"அக்கா, இது பாருங்க... ஹேக்கர்..." என்று இழுத்தார். வேலம்மா கருகிய நாற்று ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"மூணு மாசச் சோறு தம்பி இது."

சிவனேஸ்வரனின் வாயில் ஹேக்கர் செத்துப்போனான். "நான்தான் அக்கா பிளாக் பண்ணேன்" என்றார் தரையைப் பார்த்து. போனை எடுத்துத் தடையை நீக்கினார். வேலம்மா மகளைக் கூப்பிட்டு, "இப்பத் தட்டுடி" என்றார். பம்ப் உறுமியது. நாற்றுகளோடு சேர்ந்து கிராணியும் நனைந்தார். எழுந்து ஒதுங்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாளுக்குள் நாற்றுகளில் பாதிக்குமேல் நிமிர்ந்துவிட்டன. நிமிராதவற்றுக்குப் பதிலாக ஒரு வாரம் மாலைதோறும் கூடாரத்தில் உட்கார்ந்து, நாற்றுத் தட்டில் குழிக்கு ஒரு விதையாக அவரே ஊன்றிக் கொடுத்தார். வேலம்மா அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. காப்பி மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று மனைவியிடம் குமுறினார்.

"நீங்க கேட்டீங்களா? ஒங்க பாஸ்வர்ட்ல ஒரு குத்தமும் இல்லைங்க. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. எங்கிட்டக் கேட்டாத்தான் கிடைக்கும்."

திருந்தினாரா என்கிறீர்களா? வேலம்மாவுக்கென்று தனி வைஃபை திறந்து கொடுத்திருக்கிறார். பாஸ்வர்ட் இருபத்தாறு எழுத்து.

அது கிடக்கட்டும். இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டில் எத்தனை சாதனம் என்று மனதுக்குள் விரல் விட்டு எண்ணினீர்களே, ஏன்? ஒன்று கூடுதலாக வருகிறதா? கை துறுதுறுக்கிறதா? பொறுங்கள். முதலில் அடுப்படிப் பக்கம் ஒரு குரல் கொடுங்கள்.