மூன்று கடைசி அடிகள்

செல்லக்கனியின் ஓராண்டு நினைவு ஜெபம் மாலை ஆறு மணிக்கு. பகல் இரண்டு மணி ஆகியும் ஜெபசிங்குக்கு அந்தப் பாட்டின் கடைசி அடி நினைவுக்கு வரவில்லை.

"அலையே அலையே ஒதுங்கிக்கோ, எம் மச்சான் வர்றாரு வழிவுடு..."

இவ்வளவுதான் தெரியும். ராயபுரம் வீட்டுச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் மனைவி செல்லக்கனி பாடிய பாட்டு. முடிவதற்குள் அவர் சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்குக் கிளம்பிவிடுவார். இன்றாவது அதை முழுதாகப் பாடி அவளை நினைக்க வேண்டும்.

"போன்லயே இருக்குப்பா" என்றாள் மகள் ஜெஸ்லின்.

இருந்தது. ஒன்றல்ல, மூன்று. 2009இல் ஒரு சபைப் பாடகர் குழு வயலினோடு பாடியது. 2016இல் அலெக்ஸாண்டர் என்ற கானாக்காரர் பாடியது. மூன்று வருடம் முன்பு பெங்களூர்ப் பையன்கள் கிதாரோடு கதறியது. அதை மட்டும் எட்டு லட்சம் பேர் கேட்டிருந்தார்கள். மூன்றின் கீழும் ஒரே குறிப்பு: 'காசிமேட்டுப் பெண்களின் பழம்பாடல். இயற்றியவர் தெரியவில்லை.'

ஜெபசிங்குக்கு மெய்சிலிர்த்தது. "எட்டு லட்சம் பேரா! ரசம் தாளிச்சிக்கிட்டே பாடுவாளே, அதையா?"

ஆனால் முடிவுகள்தான் ஒத்துப்போகவில்லை. சபைப் பாட்டில், மச்சான் நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடினார். கானாவில், கக்கத்தில் குடையோடு தொப்பலாக நனைந்து வந்தார். கிதாரில், வாங்கிய வஞ்சிரத்தை இரும்புக் கடைத் தராசில் மறு எடை போட்டார்.

முதல் இரண்டுக்கும் ஜெபசிங் கண்ணில் நீர்வரச் சிரித்தார். "யாருடா இந்தக் கிறுக்கன்!" மூன்றாவதற்குச் சிரிக்கவில்லை. "எடை சரிபார்த்தா என்ன தப்பு?"

எட்டு மில்லி கம்பி எந்தக் கடையிலும் எட்டு மில்லிதான். பாட்டுக்கும் அசல் ஒன்றுதான் இருக்கும் என்று நம்பிய அவர், சபைக் குழுவின் பெனிட்டோவை வரவழைத்தார்.

"கண்ணாடிதான் அங்கிள். காசிமேட்டுலயே கேட்டு எழுதினேன்."

உறுதிசெய்துகொள்ள, கானாப் பாட்டின் கீழிருந்த எண்ணில் கூப்பிட்டு அலெக்ஸாண்டரையும் வரவழைத்தார்.

"கண்ணாடியா? இன்னா பிரதர், கொடைதான் அசலு! நானும் அங்கதான் குந்திகினு கேட்டேன். வயலின வச்சி பாட்டையே பேஜாராக்கிட்டியே!"

"சத்தம் வேண்டாம். ரெண்டு பேரும் பாடிக் காட்டுங்க" என்றார் ஜெபசிங்.

பெனிட்டோ வயலின்காரரைக் கூப்பிட்டார். அலெக்ஸாண்டர் டோலக் அடிப்பவரைக் கூப்பிட்டார். ஐந்தரைக்கு இரண்டும் ஒன்றாக முழங்கின. அத்திப்பட்டு மைத்துனர் குடைக் கட்சி, அவர் மனைவி கண்ணாடிக் கட்சி. வேதாகமத்தோடு வந்த போதகர் செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றார்.

ஜெஸ்லின் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போய், அம்மா வாடிக்கையாக மீன் வாங்கிய கெங்கம்மாவை அழைத்துவந்தாள். படகு வரும்வரை கூடையருகே உட்கார்ந்து பாடும் பெண்களில் மூத்தவள்.

கெங்கம்மா மூன்றையும் கண்மூடிக் கேட்டாள். எட்டு லட்சம் பேர் கேட்ட பாட்டின் ஊற்றுக்கண், ஐஸ் ஈரம் காயாத புடவையோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ஜெபசிங் தன்னையறியாமல் கைகட்டி நின்றார்.

"மூணுல எதும்மா நெஜம்?"

கெங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணுமே நெஜந்தான் நைனா. வூட்ல நீ பண்றதத்தான் செல்லக்கனி சனிக்கெழமைக்கு சனிக்கெழம மீன் வாங்க வந்து, எங்களுக்குப் பாட்டா கட்டிக் குடுத்துட்டுப் போவா!"