செல்வநாயகத்தார் வீட்டுக் கலியாணமும் என் நீலக் கொப்பியும்

பிள்ளையார் துணை

முரசுமோட்டை,
07.09.1993, செவ்வாய்.

என்றும் மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் சுகந்தினி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான், பசு, அதன் கன்று ஆகிய ஐவரும் சுகம். அங்கு தாங்களும் மாமியும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இதற்குள் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள்.

தாங்கள் எனக்காக அலைந்து திரிந்து அங்கே வவுனியாவில் ஓர் எழுதுவினைஞர் வேலை பிடித்து வைத்திருக்கிறீர்கள். இருபதாம் திகதி திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மேசையில் இருக்கவேண்டும், வருவாயா மாட்டாயா என்று கேட்டிருந்தீர்கள். கடிதம் கிடைத்துப் பதினாறு நாளாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. கமலேஸ்வரி அக்காவின் சமையல் கொம்பனியை விட்டு வர எனக்கு மனம் இருக்கவில்லை. இப்போது மனம் வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

கொம்பனி என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். நான்கு பெண்கள், மூன்று கிடாரம், மூக்கன் அண்ணரின் மாட்டுவண்டி, மாமரத்தில் ஆணி அடித்து மாட்டிய ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். கலியாணம், பெரியபிள்ளையானால் வைக்கும் சாமத்தியவீடு, செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி, கோயில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் போய்ச் சமைத்துக் கொடுப்போம். நான் கம்பஸ் படிப்பு முடித்து வந்து வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்து, வருடம் ஒன்றாகிவிட்டது. அம்மா மட்டும் கிடாரம் கழுவும் என்னைக் காணும்போதெல்லாம், "நம்ம சனத்துல மொத மொத கம்பசு போன புள்ள, இப்படிச் சட்டி தேய்க்கிறதப் பாக்கவா நான் மலையில கொழுந்து பறிச்சேன்?" என்று கேட்பார். கிடாரத்தின் அடியில் தண்ணீர் ஊற்றினால் அதில் வானம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன ஆனி மாதம் கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் சிறு தொழில் செய்பவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தது. அக்கா தான் போகாமல், படித்தவள் என்று என்னை அனுப்பினார். அங்கே ஓர் ஐயா, நிலைபேறான தொழில் என்றால் ஊரிலிருந்து எடுப்பதை ஊருக்கே திருப்பிக் கொடுப்பது என்றார். மண்டபத்தின் யன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு சோளகக் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே நான் எங்கள் கொம்பனியைக் கண்டேன், மாமா. முரசுமோட்டை வயலில் விளைந்த நெல் எங்கள் கிடாரத்துக்கு வருகிறது. அதன் உமி அடுப்பில் எரிகிறது. சாம்பல் கத்தரிப் பாத்திக்குப் போகிறது. குளத்துத் தாமரை இலை பந்திக்கு வருகிறது, பந்தியிலிருந்து பசுவுக்குப் போகிறது, பசு மறுபடியும் வயலுக்குப் போகிறது. ஒன்றும் எங்கும் தொலையவில்லை, எல்லாம் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த வட்டத்துக்குள் ஓர் ஓரமாக நானும் நின்றேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை, அது இன்னும் நன்றாக இருந்தது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் ஐயா பேசி முடித்து ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டதென்று தெரிந்தது.

வந்து அக்காவிடம் சொன்னேன். "அப்ப லஞ்சீற் வேண்டாமெண்டுறாய்?" என்று கேட்டார். பந்தியில் விரிக்கும் அந்தப் பொலித்தீன் தாள் வவுனியாப் பாதை திறந்தால்தான் வரும், தாமரை இலை எப்போதும் குளத்திலேயே இருக்கிறது என்றேன். அக்கா, "உவள் கதைக்கிறதே வருசத்துக்கு மூண்டு தரம். கதைச்சாக் கேக்கத்தான் வேணும்" என்றார். எங்கள் ஊர்ச் செல்வநாயகத்தார் தன் மகளின் கலியாணத்துக்குக் கொம்பனியைப் பிடித்திருந்தார். அதிலிருந்தே தொடங்குவதென்று முடிவாயிற்று.

கலியாணம் நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. விடியப்புறம் நானும் மூக்கன் அண்ணரும் குளத்துக்குப் போனோம். தண்ணீரின் மேல் மெல்லிய பனிப்புகார். இலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு துளி பனி உருண்டு நின்றது. ஓர் இலையைப் பறித்தால் அந்தத் துளி எங்கே போகும் என்று யோசித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டேன். மூக்கன் அண்ணர் கரையிலிருந்து, "தங்கச்சி, பொம்பிளைக்குத் தாலி கட்டி, பிள்ளையும் பிறந்து, அதுக்குச் சோறு தீத்தவாவது இலை வருமோ?" என்று கேட்டார். முன்னூறு இலை பறித்தோம். அவற்றோடு பதினொரு தவளையும் வந்தது கலியாண வீட்டில்தான் தெரிந்தது. ஒன்று மாப்பிள்ளையின் தமக்கையின் கதிரையில் இருந்தது. அதைக் கடைசியாகத்தான் கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது உமி அடுப்பு. ஆலையிலிருந்து ஏழு மூட்டை உமி கொண்டுவந்து நெரித்து அடுப்பு மூட்டினோம். உமி நன்றாகவே எரிந்தது. ஆனால் எரிவதற்கு முன் நெடுநேரம் புகைந்தது, சோளகம் அந்தப் புகையை அப்படியே அள்ளிக்கொண்டு மணவறைக்குப் போனது. தாலி கட்டும் நேரம் பொம்பிளை வீட்டார் அழுதார்கள், அது வழக்கம்தான். மாப்பிள்ளை வீட்டாரும் அழுதார்கள். ஐயர் மந்திரத்துக்கு நடுவே மூக்கைச் சீறினார். படம் பிடித்தவர், எல்லாரும் கொஞ்சம் சிரியுங்கோ என்று கெஞ்சிக்கொண்டு தானும் கண்ணைத் துடைத்தார். மூன்றாவது, மரக்கறி முழுவதும் ஊருக்குள்ளேயே வாங்குவது. ஊருக்குள் இந்த மாதம் காய்த்தது கத்தரி மட்டுமே என்பது வாங்கப் போன பிறகு தெரிந்தது. கத்தரிப் பால்கறி, கத்தரிக் குழம்பு, கத்தரிப் பொரியல், சுட்ட கத்தரிச் சம்பல், கத்தரிப் பச்சடி என்று அக்கா ஐந்து வகை செய்தார். ஐந்தும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கவில்லை. இது அவர் கைக்கு மட்டுமே வரும்.

இவ்வளவையும் சனம் பொறுத்துக்கொண்டது, மாமா. கொம்பனியை விழுத்தியது என் நீலக் கொப்பிதான்.

வீணாவதைக் குறைப்பதற்கு முதலில் அதை அளக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் முதற் பந்தியிலேயே கொப்பியும் பென்சிலுமாகப் பந்தற்காலுக்குப் பின்னால் நின்று, இலை இலையாகப் பார்த்து எழுதினேன். சோறு கால்வாசி மிச்சம், பருப்பு இல்லை, சம்பல் முழுவதும் மிச்சம், இப்படி. ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி, "என்ன பிள்ளை எழுதுறீர்?" என்று கேட்டார். சொல்லியிருக்கலாம். ஒரே வசனம்தான். ஆனால் முப்பது பேர் கையைச் சோற்றில் வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது, தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக எழுதினேன்.

அதற்குப் பிறகு பந்தற்காலுக்கு அந்தப் பக்கம் நடந்த கதையெல்லாம் எனக்குக் கேட்டது.

"ஆர் உந்தப் பெட்டை?"

"கம்பஸ் படிச்சவளாம். சாப்பிடுறவையைப் பதியிறாளாம்."

"ஏனாம்?"

"ஏனெண்டோ? இண்டைக்கு இஞ்சை சாப்பிடுறதை நிவாரண அரிசியிலை கழிக்கப் போகினமாம். ஊர் விதானையார் சொல்லித்தான் விட்டிருக்கிறாராம்."

"அட நாசமே! நான் ரண்டாம் தரமும் சோறு வாங்கிப்போட்டனே!"

"இலையை மடியாதை. அப்பிடியே விடு, அவள் மிச்சத்தைப் பாக்கட்டும்."

இரண்டாம் பந்தியில் ஒருவரும் சாப்பிடவில்லை. இலையில் போட்டதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் நிற்கும் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் எழும்பும்போது எனக்குக் கேட்கும்படியாக, "ஜெயந்தன் குடும்பம், நிவாரண அட்டையிலை ஏழு பேர், வந்தது மூண்டு பேர், பாயசம் தொடேல்லை, வடிவா எழுதும் பிள்ளை" என்றார். ஓர் அம்மா தன் சின்ன மகன் வாய்க்குள் வைத்த வடையை விரலைப் போட்டு வெளியே எடுத்து இலையில் வைத்துக் காட்டினார். மூன்றாம் பந்திக்கு ஆளே வரவில்லை. எல்லாரும் வேலியோரம் நின்று, பசிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்போதுதான் மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி, "எங்கட ஆக்களுக்குச் சோறு இறங்காத அளவுக்கு என்ன சம்பந்தம் இது?" என்று கேட்டார். செல்வநாயகத்தார் குசினிப் பக்கம் ஓடி வந்தார். "கமலேஸ்வரி, என்ர பிள்ளையின்ர கலியாணத்திலை ஒரு சனம் வாயிலை வைக்கேல்லை. என்னத்தைப் போட்டுச் சமைச்சனி?" அக்கா கிடாரத்தைத் திறந்து ஒரு பிடி சோறு எடுத்து வாயில் போட்டு மென்றார். பிறகு என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். கிடாரத்தை மூடினார்.

ஒன்றரைக் கிடாரம் சோறு மிஞ்சியது. வீணாவதைக் குறைக்கக் கிளம்பிய கொம்பனியின் சரித்திரத்தில் இவ்வளவு சோறு மிஞ்சியதே இல்லை. மூக்கன் அண்ணர் அதை வண்டியில் ஏற்றி, இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோனார். கதை அவருக்கு முன்னரே போய்விட்டது. அவர்கள் வாசலிலேயே வண்டியை மறித்து, "அண்ணை, இது சும்மா தாறதோ, கழிக்கிறதோ?" என்று கேட்டார்களாம். மூக்கன் அண்ணர் பிள்ளையார்மேல் சத்தியம் செய்த பிறகுதான் தட்டு நீட்டினார்கள்.

நேற்று இரண்டு வீட்டார் வந்து, இந்த மாதம் தங்களுக்கு ஒப்புக்கொண்ட சமையல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா அப்போதும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் இருந்திருப்பேன். ஊரோடு சேர்ந்து வாழும் தொழில் என்று கனவு கண்டு, ஊரையே பட்டினி போட்டவள் நான். பேசத் தெரியாதவளுக்கு மேசையும் பேரேடும்தான் சரி என்று தாங்கள் சொன்னது உண்மை. ஆகவே இருபதாம் திகதி காலை எட்டரைக்குத் தாங்கள் சொன்ன மேசையில் இருப்பேன். வவுனியாவுக்குப் போகப் பாஸ் எடுக்க அப்பா நாளை போகிறார். அம்மா பெட்டி அடுக்கிவிட்டார். "எம்புள்ள ஆபீசுல பேனா புடிக்கப் போறா" என்று நாங்கள் இருக்கும் குடியேற்றத்திட்டம் முழுவதும் சொல்லியும் விட்டார்.

மாமிக்கு என் அன்பு. தங்களுக்கும் மாமிக்கும் நோய்நொடி அணுகாமல், வீட்டுக் கிணறு வற்றாமல், முற்றத்துக் கறிவேப்பிலை தழைக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்,
சுகந்தினி.

பி.கு. (11.09.1993, சனி): கடிதம் கொண்டுவருபவருக்குக் காய்ச்சல் வந்ததால் இது நான்கு நாள் என் தலையணைக்குக் கீழேயே இருந்துவிட்டது. புதன்கிழமை மூன்று வீட்டார் அக்காவைத் தேடி வந்தார்கள். மூவரும் கேட்டது ஒன்றுதான். "எங்கட கலியாணத்துக்கு அந்தக் கொப்பிப் பிள்ளையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவ ஒருக்கா வந்து நிண்டாக் காணும், அரைவாசி அரிசியோட முடிச்சிடலாம்." அக்கா அகப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "வந்த சனம் பசியோட போற கலியாணத்துக்கு என்ர அடுப்பு எரியாது. கொப்பி வராது. பிள்ளை வரும். வேணுமெண்டாச் சொல்லுங்கோ!" வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நேற்று ஓர் அந்தியேட்டி வீட்டில் பந்தியில் பரிமாற ஆள் குறைந்தது. அக்கா என் கையில் சோற்றுக் கடகத்தைத் தந்தார். நான் ஒவ்வொருவரிடமும், இன்னும் கொஞ்சம் போடவா, போதுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன். முதல் பத்துப் பேருக்கு என் குரல் கேட்கவில்லை. பதினோராவது ஆள், "பிள்ளை, காணும். ஆனாப் பருப்பிலை ஒரு கை விடும்" என்றார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் கேட்டது. நூற்று நாற்பது பேர் சாப்பிட்டு எழும்பியபோது எல்லா இலையிலும் சேர்ந்து மிஞ்சியது ஒரு சுளகு நிறையக்கூட இல்லை. வேலியடியில் காத்திருந்த நாய் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. சாமான் ஏற்றும்போது அக்கா, "அப்ப இருவதாந்திகதி ஆர் இலை பிடுங்கிறது?" என்று வண்டிச்சில்லைப் பார்த்துக் கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன், மாமா. சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஆகவே அந்த வேலையைத் தயவுசெய்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. பாதை பூட்டிவிட்டார்கள், ஒரு குருவிகூட வவுனியாவுக்குப் போகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே அம்மா கேட்டால், இந்தக் கடிதம் தங்களுக்குக் கிடைக்கவில்லை.