காசிம் பாய் கேட்ட கேள்வியும் என் தலைமைப் பண்பும்

படிக்காமல் கெட்டவர்களைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் படித்துக் கெட்டவள். அதுவும் சொந்தக் காசில் புத்தகம் வாங்கிப் படித்து.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை. அங்கே ஆறு வருடம் மேஜையில் உட்கார்ந்து பீஸ்களை அளந்துகொண்டிருந்த என்னை முதலாளி திடீரென்று இன்சார்ஜ் ஆக்கினார். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். உடனே போனில் தேடினேன். புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர்கள் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. இரண்டை வாங்கினேன். (பத்தையும் வாங்கியிருந்தால் பட்டறையையே இழுத்து மூடியிருப்பார்கள்.)

தினமும் காலையில் நின்றுகொண்டே கூட்டம் நடத்தச் சொன்னது முதல் புத்தகம். நடத்தினேன். நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கிறவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இரண்டாவது புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் இன்னும் மேலே போனது. ஊழியர் சந்தேகத்தோடு வந்தால் பதில் சொல்லாதே, அவர் என்ன நினைக்கிறார் என்று திருப்பிக் கேள், அவர் வளர்வார் என்றது. அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

வளர்ப்பதற்கு முதலில் அகப்பட்டவர் காசிம் பாய். கரையான்சாவடியிலிருந்து வருகிறவர். நான் பள்ளிக்கூட யூனிஃபார்மில் திரிந்த காலத்திலேயே லேத்தில் நின்றவர். இதற்கு மேல் அவர் எங்கே வளர்வார் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

எங்கள் பட்டறையில் எந்த வேலையானாலும் முதல் பீஸைக் கடைந்து இன்சார்ஜிடம் காட்ட வேண்டும். அவர் அதை அளந்து, அளவுகள் போட்ட டிராயிங்கோடு ஒப்பிட்டு ஓகே சொன்ன பிறகுதான் மீதி ஓடும். அன்றைக்கு முந்நூறு புஷ். நடுவில் துளை போட்ட சின்ன இரும்பு உருளைகள். சாயந்திரம் ஐந்து மணிக்கு வாடிக்கையாளரின் வண்டி வரும். பாய் எண்ணெய்க் கையோடு முதல் பீஸைக் கொண்டுவந்தார்.

"மேடம், இதுக்கு டிராயிங் மாறப்போவுதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்களே. மாறிடுச்சா?"

கேள்வி காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைப் பயன்படுத்த நேரம் வந்துவிட்டது என்பது மட்டும்தான் ஏறியது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, பாய்?"

பாய் பீஸை என் முன்னால் மேஜையில் வைத்தார்.

"நான் இன்னா மேடம் நினைக்கிறது? மாறியிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நினைக்கிறேன்."

"அருமை. அப்ப அதுதான் உங்க முடிவு."

நான் அளந்தே பார்க்காத பீஸை எடுத்துக்கொண்டு அவர் தலையைச் சொறிந்தபடி மெஷினுக்குப் போனார். ஒரு மனிதரை வளர்த்துவிட்ட பெருமையில் நான் டீ குடித்தேன்.

நாலரைக்கு முந்நூறும் தயார். ஐந்து மணி வண்டியில் வந்த வாடிக்கையாளரின் ஆள், துளையின் அளவைச் சோதிக்கும் தன் கேஜை எடுத்து ஒரு புஷ்ஷுக்குள் விட்டார். துளை சரியாக இருந்தால் நுழையவே கூடாத அதன் தடித்த பக்கம் சர்ரென்று நுழைந்தது. பத்துப் பீஸ் பார்த்தார். பத்திலும் அதே கதை. துளையைச் சிறிதாக்கிய புது டிராயிங்கை நேற்றே இங்கே கொடுத்தாயிற்றே, மேடம்தானே கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்றார்.

துளை சிறிதாக இருந்தால் இன்னும் கடைந்து பெரிதாக்கலாம். பெரிதாகிவிட்டால் இரும்பைத் திருப்பி ஒட்ட முடியாது. முந்நூறும் காயலான் கடைக்குத்தான்.

முதலாளி வந்தார். ஃபைல், டிராயர், குப்பைக்கூடை வரை டிராயிங்கைத் தேடினோம். கடைசியில் இது என்னம்மா என்று அவர் என் புத்தகத்தைத் தூக்கினார். மடித்த தாள் ஒன்று நழுவி அவர் காலடியில் விழுந்தது. முந்தின நாள் அதை வாங்கின கையோடு, படிக்கிற பக்கம் தவறிவிடக் கூடாதே என்று அடையாளத்துக்குச் செருகி வைத்தவள் நானேதான். தகவல்களை உடனுக்குடன் குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதைப் பற்றிய பக்கம் அது.

முதல் பீஸுக்கு ஓகே சொன்னது யார் என்று கேட்டார். முடிவு பாயுடையது என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. வெட்கங்கெட்ட நொடி. பாயோ என்னைக் காட்டிக்கொடுக்காமல், கையிலிருந்த வேஸ்ட் துணியைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான் சார். அவர் கேட்டாரு. நான்தான் பதில் சொல்லலை" என்றேன்.

திங்கட்கிழமை முதல் பாய் இன்சார்ஜ். நான் பழையபடி அளக்கிற மேஜை. அவர் கூட்டம் எதுவும் போடவில்லை. யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னார். பட்டறை அது பாட்டுக்கு ஓடியது. மூன்று நாள் எனக்கு வயிறு எரிந்தது, அப்புறம் பழகிவிட்டது.

காயலான் கடைக்குப் போகுமுன் நான் ஒரு புஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தேன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவத்தி அதில்தான் நிற்கும். அதற்கும் துளை பெரிசு என்பதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும். ஏன் இப்படி ஆடுகிறது என்று விருந்தாளி யாராவது கேட்டால் போதும், என் வீட்டுக்காரர் பீரோ மேல் இருக்கிற புத்தகத்தைக் கையால் காட்டுவார்.

"கரெக்ட் அளவு அந்த புக்குக்குள்ளதான் இருந்துச்சு. இவ தொறந்து பாக்கறதுக்குள்ள முந்நூறு முடிஞ்சுபோச்சு."