வேர்த்தால் போய்விடும்

டாக்டருக்குப் படிக்காத, கம்பவுண்டருக்கும் படிக்காத, ஆனால் உங்கள் தோலில் ஒரு சிவப்புத் தடிப்பு தெரிந்த மாத்திரத்தில் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிற ஓர் இனம் நம் நாட்டில் உண்டு. வேர்வை வைத்தியர்கள் என்று அவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். தலை பாரமா? ஓடு, வேர்த்தால் போய்விடும். மனக்கவலையா? ஓடு. உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறதா? அடடா, அதற்கென்றே ஏற்பட்டதல்லவா ஓட்டம், இன்னும் நாலு ரவுண்டு சேர்த்து ஓடு!

நீங்கள் இவரைக் காலை நேரத்து மைதானத்தில் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் துண்டு, வாயில் விசில், கையில் டீ. ஓடுகிறவர்களை மேற்பார்வை பார்ப்பதோடு சரி, இவர் ஓடமாட்டார். வைத்தியர் எங்கேயாவது மருந்து சாப்பிடுவாரா?

எங்களுக்கு வாய்த்த வேர்வை வைத்தியர் செங்கல்வராயன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஓர் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். சாயங்காலமானால் ஆலைக் கபடி டீமின் கோச். நான் அங்கே ஸ்டோர்ஸில் இருந்தேன். டீமுக்கு நைலான் பனியன்களும் துண்டும் கொடுத்தவன் என்பதால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து நாலு, கத்திரி வெயில். ஆலைகளுக்கிடையே கபடிப் போட்டி. எங்கள் டீமில் எதிரணிக் கட்டத்துக்குள் பாடிப் போவதற்குத் தமீம் அன்சாரியை விட்டால் ஆள் கிடையாது. பழவேற்காட்டுக்காரன், ஆரம்பாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கி ரயிலில் வேலைக்கு வந்துகொண்டிருந்த காண்டிராக்ட் தொழிலாளி. ஃபைனலில் நன்றாக ஆடினால் அவனை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் வீரராகவன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வேலை நிரந்தரமானால்தான் நாஜியாவைக் கட்டிக்கொடுப்போம் என்று பெண் வீட்டார் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆக, அந்தப் பையனின் உத்தியோகமும் கல்யாணமும் ஒரே கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தன.

முதல் மேட்ச் ஜெயித்த கையோடு அவன் விலாவில் வளையல் அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஜபீனிடம் போனான். அந்த அம்மாள் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"இது படர்தாமரை. வேர்வையும் உரசலும்தான் இதுக்குத் தீனி. ஆறுற வரைக்கும் கபடி கூடாது, கட்டிப் புடிச்சா அடுத்தவங்களுக்கும் ஒட்டிக்கும். சும்மா இருக்க முடியலன்னா, வெயில் தாழ்ந்தப்புறம் லூசா காட்டன் சட்டை போட்டுக்கினு மெதுவா நடங்க. வந்ததும் குளிச்சு, ஈரம் போகத் துடைச்சு மருந்து தடவுங்க. துண்டை யாருக்கும் கொடுக்காதீங்க. ஃபைனலுக்கு ஒரு மாசம் இருக்கே, அதுக்குள்ள சரியாயிடும்."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? ஆனால் பையன் அதைக் கோச்சிடம் போய் ஒப்பித்தான்.

"இன்னா நைனா, படையா? இதுக்கா டாக்டராண்ட போன?" என்றார் செங்கல்வராயன், விசிலைத் துடைத்துக்கொண்டே. "அந்தம்மா கபடி ஆடிக்குதா? நாலு ரவுண்டு சேத்து ஓடு. வேர்த்து ஊத்துச்சுன்னா உள்ள கீற அழுக்கெல்லாம் வெளிய வந்துடும்."

"அரிப்பு தாங்கல அண்ணே."

"அரிச்சா நல்லது. வெளிய வருதுன்னு அர்த்தம்."

பாவம், தமீம் ஓடினான். மேனேஜரிடம் பெயரைச் சொல்லப்போகிறவர் அவர்தானே, ஓடாமல் என்ன செய்வான்?

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. செங்கல்வராயனிடம் இன்னொரு சாஸ்திரமும் இருந்தது. ஜெயித்த பனியனைக் கப் வாங்கும்வரை நனைக்கக் கூடாது. நனைத்தால் ராசி போய்விடும். அதனால் ஒவ்வொரு மேட்சும் முடிந்ததும் வேர்வை சொட்டச் சொட்ட எல்லாப் பனியன்களும் ஒரே சாக்குப் பைக்குள் போகும். எல்லார் முகமும் முதுகும் துடைத்த ஒரே துண்டும் கூடவே போகும். அடுத்த மேட்சில் கைக்கு எது வருகிறதோ அதை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியது. அந்தச் சாக்கு இருந்தது அவர் வீட்டில்.

"இன்னா மனுசன்யா நீ! ஊட்டுக்குள்ள பொணம் வச்சா மாதிரி நாறுது. ஒரு தபா அலசிக் குடுத்துடறேன்," என்று அவர் மனைவி கனகாம்பாள் சோப்போடு வந்தாள்.

"தொட்டுடாத! ராசிய தண்ணில கரைச்சுடாத!"

ஒரு சோப்புக்கட்டியால் கரைந்துவிடுகிற ராசி என்ன ராசி என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம். அரையிறுதியில் தமீமின் கழுத்துவரை ஏறியிருந்த வட்டங்களைப் பார்த்து எதிர் டீம்காரர்கள் அவனைப் பிடிக்கவே கூசினார்கள். அவன் பாட்டுக்குப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். "பாத்தியா ராசிய!" என்று குதித்தார் கோச். அந்தப் பையன் ராத்திரியில் தூங்கிப் பல நாளாயிருந்தது.

ஃபைனல் வந்தது. முன் வரிசையில் மேனேஜர். கபடியில் ஒரு வழக்கம் உண்டு: ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் ஆட்டக்காரர்களின் நகத்தைப் பார்ப்பார். நடுவர் யேசுதாஸ் தமீமிடம் வந்து, "கைய நீட்டு," என்றார். நகக் கண்ணில் ரத்தம் காய்ந்திருந்தது. பனியனைத் தூக்கிப் பார்த்தார். அடுத்தவனையும் தூக்கச் சொன்னார். அதற்கடுத்தவனையும். ஏழு பேர் உடம்பிலும் ஒரே கோலம்.

"இன்னாப்பா இது, டீமா இல்ல தொத்து வியாதி ஆஸ்பத்திரியா? ஒருத்தரும் கோட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது," என்றார் யேசுதாஸ்.

ஆடாமலே கப் எதிர் டீமுக்குப் போயிற்று. மேனேஜர் எழுந்து வந்து, "என்னய்யா செங்கல்வராயன் இது?" என்றார். அத்தனை பேர் முன்னால், தமீம் தலை குனிந்து நிற்க, அந்த மகானுபாவர் வாய் கூசாமல் என்ன சொன்னார் தெரியுமா?

"இவன் சரியா வேர்க்கல சார்."

நிரந்தர வேலை, எங்கள் ஆலைக்காகக் கேரம் போட்டியில் ஜெயித்த துளசிராமனுக்குப் போயிற்று. கேரம் ஆடினால் யாருக்கும் வேர்ப்பதில்லை. நாஜியா வீட்டில், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றார்கள். தமீம் கபடியை நிறுத்திவிட்டு டாக்டர் சொன்னபடி கேட்டான். சொன்னபடியே சில வாரத்தில் ஆறிப்போயிற்று. தோல் ஆறியது. மற்றது ஆறுமா?

செங்கல்வராயனை அப்புறம் நான் டாக்டர் ஜபீனின் கிளினிக்கில் பார்த்தேன். பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு, நாற்காலியின் முதுகில் தன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தவர், வாசலில் காத்திருந்த ஒருவர் கையைச் சொறிவதைப் பார்த்தார். அவ்வளவுதான், நின்றுவிட்டார்.

"இதுக்கா இங்க வந்தீங்க? நாலு ரவுண்டு ஓடுங்க, போய்டும்."

சிரிக்கிறீர்கள், இல்லையா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் ஆபீஸ்காரர் ஒருவர் கழுத்தைச் சொறிந்தபடி, "இன்னிக்கு வாக்கிங் வேணாமே," என்று தயங்கினாரே, அப்போது, "அட வாங்க சார், வேர்த்தா போயிடும்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது யார்?

எங்கே, அந்தக் கையைக் கொஞ்சம் நீட்டுங்கள், பார்ப்போம்.