வேட்டி கட்டி வந்த கிளைக் கூட்டம்

புதிதாக ஒன்றை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கொட்டாவி வரும். பழையதை எடுத்து நாலு சொல்லை மாற்றுவதென்றால் மட்டும் சுறுசுறுப்பாகிவிடுவேன். பள்ளிக் கட்டுரை, வேலை விண்ணப்பம் எல்லாம் அப்படித்தான் எழுதினேன். (நான் எழுதிய ஒரே காதல் கடிதமும் அப்படித்தான். அதற்குப் பதில் வரவில்லை.) இந்தச் சோம்பேறித்தனம் ஒருநாள் பன்னிரண்டு பேர் வேலையில் போய்க் கைவைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. கோல சிலாங்கூருக்கும் சபாக்குக்கும் நடுவே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் எனக்கு இரண்டு பதவிகள் இருந்தன. அம்மன் கோயிலுக்கு நான்தான் செயலாளர், கட்சிக் கிளைக்கும் நான்தான் செயலாளர். (இரண்டையும் வேறு யாரும் கேட்கவில்லை என்பதே என் தகுதி.) எங்களுடையது தொழிலாளர் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் கட்சி.

அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க வந்தவர் தனம் அக்கா. எங்கள் வரிசையில் நாலாவது வீடு. ஓர் அரசாங்க அலுவலகத்தில் கண்ட்ராக்டரிடம் துப்புரவு வேலை. அவரும் கூட வேலை பார்த்த பதினோரு பெண்களும் தொழிற்சங்கத்தில் சேர விரும்பினார்கள். சேர்ந்தால் மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மற்றவர்கள் பயந்து பின்வாங்கினார்கள்.

"சரவணா, கட்சி நம்ம பக்கம் நிக்கிதுன்னு ஒரு தீர்மானம் போட்டுக் குடுலா. அதக் காட்டுனா பன்னெண்டு பேரும் சங்கப் பாரத்துல கையெழுத்துப் போட்டுருவாளுங்க" என்றார் அக்கா.

தீர்மானத்தை அவரே மலாயில் ஒரு பள்ளி நோட்டில் எழுதியிருந்தார். கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் அது நிறைவேறினால்தான் கட்சியின் தொகுதிக் குழுவுக்குப் போகும். கூட்டம் செல்லுபடியாக முப்பது உறுப்பினர்கள் வேண்டும். அதை நடத்த அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள். அன்றைக்கே நிர்வாகிகள் தேர்தலும் இருந்தது. அதில் எனக்குப் போட்டி கிடையாது என்பதால் நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அழைப்பை எழுத வேண்டுமே! முந்தின மாதம் கோயிலில் காப்புக் கட்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி கைபேசியில் இருந்தது. 'கோயில்' என்ற இடத்தில் 'கட்சிக் கிளை' என்று போட்டேன். தேதியை மாற்றினேன். இடத்தை மாற்றினேன். ஐம்பத்திரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்துக்குப் போனால் உள்ளே ஒரே வெள்ளை. அண்ணன்மார், மாமன்மார் எல்லாரும் வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றி நிறைய திருநீறு. இருபத்துமூன்று ஆண்கள். பெண் ஒருவர்கூட இல்லை. எனக்குப் புல்லரித்தது. கட்சி மேல் இத்தனை பக்தியா!

"என்னண்ணே, எல்லாரும் வேட்டியில?" என்று தனம் அக்காவின் கணவர் முனியாண்டி அண்ணனைக் கேட்டேன்.

"நீதான தம்பி எழுதியிருந்த? மூணு நாளா கவுச்சிகூடத் தொடல. போன தேர்தல்ல ஓட்டுக் கொறஞ்சதுக்குக் கட்சியில ஏதோ பரிகாரம் பண்றீங்கன்னு நெனச்சோம்லா."

கைபேசியை எடுத்துப் பார்த்தேன். கடைசி மூன்று வரிகளை நான் தொடவே இல்லை. 'ஆண்கள் வேட்டி அணிந்து வரவும். மூன்று நாட்கள் அசைவம் தவிர்க்கவும். வீட்டுக்கு ஒருவர் அவசியம் கலந்துகொள்ளவும்.' கோயில் காரியம் எதுவானாலும் எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவர்தான். அந்த ஒருவர் எப்போதும் ஆண்தான்.

தொகுதியின் பார்வையாளராகச் செகிஞ்சானிலிருந்து திரு. லிம் வந்திருந்தார். என் செய்தியைக் கைபேசியிலேயே மொழிபெயர்த்துப் படித்தாராம். "நானும் மூன்று நாளாக மீன் சாப்பிடவில்லை" என்று மலாயில் பெருமையாகச் சொன்னார். மீன்பிடி ஊரிலிருந்து வந்தவர்! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தலையை எண்ணிய பிறகு அவர் முகம் மாறியது. "உங்களையும் சேர்த்து இருபத்துநாலுதான். விதிப்படி ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். அப்புறம் ரத்து. தீர்மானம் யாருடையது?"

முனியாண்டி அண்ணன் எழுந்தார். "எம் பொண்டாட்டியோடது. என்னமோ எழுதி வச்சிருந்தா. எங்க வச்சான்னுதான் தெரியல."

மோட்டாரை எடுத்துக்கொண்டு பறந்தேன். உறுப்பினர் பட்டியலில் பாதி பெண்கள். எண்ணிக்கை குறைந்தால் கிளையைக் கலைத்துவிடுவார்கள் என்று எப்போதோ சேர்க்கப்பட்ட பெயர்கள். அவசரம் ஒருபக்கம் இருந்தாலும், இரண்டு வருடமாகச் செயலாளராக இருந்தும் இவர்கள் ஏன் வரவில்லை என்று நான் யோசித்ததே இல்லையே என்று உறுத்தியது. ஒவ்வொரு வாசலிலும் அதையே கேட்டேன்.

"யாரு கூப்புட்டா? வீட்டுக்கு ஒருத்தர்னுதான போட்டிருந்த?" என்றார் முதல் வீட்டு அக்கா.

"எனக்கு ஓட்டு இருக்கா? அடையாள அட்ட மட்டுந்தான் வாங்கிட்டுப் போனாங்க" என்றார் அடுத்தவர்.

என் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "உங்க பேரும் பட்டியல்ல இருக்கும்மா" என்றேன்.

"அது உனக்கு இப்பத்தான் தெரிஞ்சிச்சா?" என்று கத்தியைக் கீழே வைத்தார்.

தனம் அக்கா தேய்த்த சேலையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நோட்டு மடியில் இருந்தது. "என் தீர்மானத்தப் பேச எம் புருசன அனுப்பச் சொல்லி நீதான எழுதியிருந்த? கட்சி வெதி போலன்னு இருந்துட்டேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்காவே எழுந்து வரிசை வரிசையாகக் கதவைத் தட்டினார். தலையில் சாயம் பூசி பிளாஸ்டிக் பை கட்டிய ஒருவர், மீன் கழுவிய கையோடு ஒருவர் என்று பெண்கள் புறப்பட்டு வந்தார்கள். மீன் வாடை வந்ததும் திரு. லிம் என்னிடம் குனிந்து, "விரதம் ஆண்களுக்கு மட்டுமா?" என்று ஏக்கத்தோடு கேட்டார்.

முப்பத்தொன்று! கூட்டம் தொடங்கியது. தனம் அக்கா நோட்டைத் திறக்கவே இல்லை.

"நாங்க கூட்டுற ஆபீசுல தொழிலாளர் உரிமைன்னு ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கு. அதத் தெனமும் தூசி தட்டுறது நாந்தான். அதுல இருக்கிறது எனக்கும் சேத்துத்தானான்னு கட்சி கேட்டுச் சொல்லணும்."

வேட்டிகள் உட்பட எல்லாக் கைகளும் உயர்ந்தன. எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கத்திலேயே தேர்தலுக்குப் போனோம். செயலாளர் பதவிக்கு மீன் கை அக்கா எழுந்து, "தனம்" என்றார். கைகளை எண்ணினார்கள். அவருக்குப் பத்தொன்பது, எனக்குப் பன்னிரண்டு. அந்தப் பத்தொன்பதில் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது என் அம்மாவின் கை.

மறுவாரமே பன்னிரண்டு பெண்களும் ஒரே நாளில் சங்கப் பாரத்தில் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டு பேரையும் அனுப்பிவிட்டுக் கண்ட்ராக்டர் யாரை வைத்து அலுவலகத்தைக் கூட்டுவார்? ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தீர்மானம் மேலிடத்தில் எந்த மேசையில் இருக்கிறது என்று புதிய செயலாளர் இன்றைக்கும் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தேர்தலில் தோற்ற அன்று மதியம் வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பெத்த புள்ளைக்கு ஒரு ஓட்டுப் போட மனசு வரலயாம்மா?"

"ஓட்டு தனத்துக்குப் போட்டேன். சோறு உனக்குப் போடுறேன். உக்காரு."

எங்கள் குடும்பத்தில் அது நிலைத்துவிட்டது. தங்கை கார் இரவல் கேட்டாலும், நான் மச்சானோடு வாதாடினாலும், யாராவது ஒருவர் தட்டை நீட்டி, "சோறு வேணும்னா போடுறேன்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

போன கிளைத் தேர்தலில் எனக்கு மறுபடியும் ஆசை வந்தது. இந்த முறை முன்கூட்டியே ஆதரவு திரட்டலாம் என்று அடுப்படிக்குப் போய், "அம்மா, செயலாளருக்கு நிக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்ட்டியாப்பா?" என்றார்.