எதிராளியின் அனுப்புநர் முகவரி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம், அங்கும் அப்படியே என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு முகமில்லை.

எட்டு மாதமாக நான் இணையத்தில் முகம் தெரியாத ஓர் எதிராளியிடம் தினம் ஒரு செஸ் ஆட்டம் தோற்று வருவது தாங்கள் அறிந்ததே. சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று அந்தத் தளத்தை என் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்ததே உங்கள் தங்கைதான். எதிராளி யாரோ வெளிநாட்டுப் பேராசிரியர் என்று முடிவுகட்டி, சாப்பிடும்போதெல்லாம் அவர் மூளையைப் புகழ்ந்து தள்ளினேன். உங்கள் தங்கை "அப்படியா" என்பதோடு சரி.

ஆனால் முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரித்தவன் நான். அனுப்புநர் முகவரியை ஏதாவது ஒரு மூலையில் எழுதாமல் யாரும் எதையும் அனுப்பமாட்டார்கள் என்பது என் கொள்கை. செவ்வாய்க்கிழமை, உங்கள் தங்கை நூல் வாங்கப் போயிருந்த நேரம், பிரிண்டர் பார்க்க வந்த ரிப்பேர்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலைத் திறந்து காட்டினார். தபால் மூட்டையைக் கொட்டினதுபோல் ஒரே எழுத்து. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்து நானே கண்டுபிடித்தேன்: அந்த ஆட்டத்தை அனுப்பும் சர்வரின் முகவரி ஒரு நீள எண், பக்கத்திலேயே அதன் பெயர், "தையலறை". ரிப்பேர்காரர் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், 192.168ன்னு ஆரம்பிச்சா அது வெளிநாடு இல்ல. உங்க வீட்டுக்குள்ளயே இருக்கற மெஷின்."

உங்கள் தங்கையின் தையலறைக்கு ஓடினேன் மச்சான். துணிக்குவியலுக்கு அடியில், போன வருஷம் நான் தூக்கிப் போடச் சொன்ன லேப்டாப், தொட்டால் சுடுது. அதுக்கும் அடியில் ஒரு சான்றிதழ். எம்பிராய்டரி வகுப்புன்னு போனதெல்லாம் கம்ப்யூட்டர் வகுப்பாம், முதல் வகுப்பில் தேறியிருக்கா. நான் காய் நகர்த்தினதும் உள்ளே தையல் மெஷின் நிக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். எட்டு மாசமா கேட்டும் எனக்கு உறைக்கலை. கல்யாணமான புதுசுல செஸ் சொல்லிக் கொடுங்கன்னு ஆசையாக் கேட்டவளை, அதெல்லாம் உனக்கு வராதுன்னு சொன்ன மகானுபாவன் நான். என்ன மூளை மச்சான் அவளுக்கு, குதிரையை விட்டுட்டு ராணியை எடுக்கறாளே! பெருமை தாங்கலை, வெட்கமும் தாங்கலை. மன்னிப்புக் கேட்கணும், வாய் வரமாட்டேங்குது. நான் கண்டுபிடித்தது அவளுக்குத் தெரியாது. நீங்கள்தான் போனில் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் தங்கையிடம் ஒரு ஆட்டமும் ஜெயிக்காத கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடச் சொல்லி உறையை ஒட்டாம என்கிட்டயே கொடுத்தார். யார்கிட்ட தோக்கறோம்னு எட்டு மாசமாத் தேடியே பார்க்கலையேன்னு, அந்தப் பேரையும் எண்ணையும் அவர் கண்ணுல படற மாதிரி நான்தான் எழுதி வெச்சேன். ரிப்பேர்காரர் என்கூட வகுப்புல படிச்சவர். பிரிண்டர் கெடவே இல்லை. நீங்க போன் பண்ணவேண்டாம். மன்னிப்பை அவரே தையலறைக்கு வந்து கேட்கட்டும். அதுவரைக்கும் தினம் தோக்கட்டும்.