தலைகீழ்ச் சிட்டு

ஏழாம் நம்பர் ஆசாமி மறுபடியும் ஐம்பது ரூபாய் ஏற்றிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த மகுடேஸ்வரன் போனை முறைத்தான். வெளிநாட்டுப் பழைய துணிகளை ஏலம் விடும் தளம் அது. கேட்பவர்களின் பெயர் தெரியாது, நம்பர் மட்டும்தான். அவன் கண் வைத்திருந்தது ஒரு நீலநிற லேடீஸ் டாப். அதன் நெஞ்சில் ஒட்டித் தைத்திருந்த மஞ்சள் சிட்டு தலைகீழாக இருந்தது. ‘உலகத்திலேயே ஒன்றுதான், அபூர்வ டிசைன்’ என்று விற்பவர் எழுதியிருந்தார். அந்த வரியில்தான் மகுடேஸ்வரன் விழுந்தான்.

அவன் மனைவி இந்துமதிக்கு நல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தையல் பிசகு எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்து அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். பதினான்கு வருடத்துக்கு முன் அங்கே துணி லோடு இறக்கப் போனவன், சலான் எழுத அவளிடம் பேனா கேட்டான். அந்தப் பேனாவை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவன் எந்தத் துணி வாங்கித் தந்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள்.

“தோள்ல ஒரு தையல் விட்டுருக்குதுங்க.”

“கை ரெண்டும் ஒரே அளவில்லீங்க.”

அதோடு அது பீரோவுக்குள் போய்விடும். அவனுக்கு மனசு நோகும். ஒரே ஒரு துணியையாவது குறை சொல்லாமல் அவள் உடுத்தினால் போதும், வேறு ஆசை இல்லை. வியாழக்கிழமை கல்யாண நாள். உலகத்திலேயே ஒன்றுதான் என்றால், எதை வைத்து ஒப்பிட்டுக் குறை சொல்வாள்?

“இத்தனை வருசத்துல ஒண்ணே ஒண்ணுதானுங்க எங்கிட்டத் தப்பிச்சுப் போச்சு. பெட்டி ஒட்டி வெளிநாட்டுக்குப் போனப்பறம்தான் தெரிஞ்சுது” என்று அவள் பெருமையாகச் சொல்வாள். அது எந்தப் பீஸ் என்று கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஏலம் ஐந்து மணிக்கு முடிகிறது. ஏழாம் நம்பரை விரட்டுவதற்காகக் கேள்விப் பெட்டியில், ‘இதில் ஆயில் கறை இருக்கிறதா?’ என்று தட்டிவிட்டான். விற்பவர் சளைக்காமல் எட்டுப் புதுப் படங்களைப் போட்டார். அவற்றைப் பார்த்து மயங்கி இன்னும் நான்கு பேர் ஏலத்தில் குதித்தார்கள்.

பதறிப்போய் நண்பன் தீனதயாளனைப் போனில் பிடித்தான். “மாப்ள, நீயும் உள்ள வந்து ஏத்து. ரெண்டு பேரு நின்னா மத்தவிய பயந்துக்குவாங்க.”

புதிதாக வந்த நான்கு பேரும் மிரண்டுதான் ஓடினார்கள். ஆனால் பதிமூன்றாம் நம்பர் என்று ஒருவன் முளைத்து, ஏழாம் நம்பரைவிட மோசமாக ஏற்றினான். பத்து நிமிடம் அவனோடு கட்டிப் புரண்டுவிட்டு மறுபடி நண்பனைக் கூப்பிட்டான்.

“மாப்ள, பதிமூணாம் நம்பர்காரன் விடமாட்டேங்கறான்.”

“பதிமூணு நாந்தாண்டா. நீ எந்த நம்பரு?”

“ஒம்போது.”

“அடப்பாவி, ஒம்போதைத்தான் நான் இத்தனை நேரமா முடுக்கிட்டு இருக்கறேன்.”

முந்நூறில் தொடங்கிய டாப் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஏழாம் நம்பரும் விட்டபாடில்லை.

கீழேயிருந்து கருகல் வாசனை வந்தது. இறங்கிப் பார்த்தால், இந்துமதி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் மூழ்கியிருந்தாள்.

“இந்து, தாளிப்புக் கருகுது.”

“கம்பெனி குரூப்புங்க. நீங்க மாடியில இத்தனை நேரம் என்ன பண்றீங்க?”

“தொட்டி கழுவறேன்.”

“தண்ணிச் சத்தமே கேக்கலீங்களே.”

பதில் சொல்ல நேரமில்லை. ஐந்தடிக்க ஒரு நிமிடம்தான் இருந்தது. மாடிக்கு ஓடி, கண்ணை மூடிக்கொண்டு ஒரேயடியாக ஐந்நூறு ரூபாய் ஏற்றினான். ஏழாம் நம்பர் அடங்கியது. டாப் அவனுக்கே விழுந்தது.

சந்தோஷமாகக் கீழே வந்தவன், இந்துமதியின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தான்.

“வெங்காயமுங்க” என்றாள். அடுப்படியில் வெங்காயமே இல்லை. பணம் போனது தெரிந்துவிட்டதோ என்று வியாழன்வரை அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பார்சல் வந்தபோது, கருத்தம்மாவும் அல்வாவோடு வந்திருந்தாள். இந்துமதிக்குப் பக்கத்தில் நின்று பதினைந்து வருடமாகத் துணி பார்ப்பவள் அவள். இந்துமதி உறையைப் பிரித்தாள். சிட்டைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“தலைகீழா இருக்கறது டிசைன் இந்து, வேணும்னே வெச்சது. உள்பக்கம் வேணாத் திருப்பிப் பாத்துக்க” என்று மகுடேஸ்வரன் மூச்சுவிடாமல் சொன்னான்.

அவள் திருப்பிப் பார்க்கவில்லை. டாப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கருத்தம்மா அல்வாப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

“ஏலத்துல ஏழாம் நம்பரா நின்னு தோத்தவ இவதானுங்கண்ணா, மொத மொதல்ல நீங்க பேனா கேட்டு வந்தப்ப, உங்களையே பாத்துக்கிட்டு இவ பாஸ் பண்ணிவிட்ட பீஸு அது.”